வெறும் வீட்டுச் சத்தம்

நிஜத்தை யாரும் நம்புவதில்லை. இருபத்தாறு வருடத் தொழிலில் சத்தக்காரி கண்ட உண்மை இது ஒன்றுதான். ஒருவன் இன்னொருவன் தாடையில் குத்தினால் நிஜத்தில் என்ன சத்தம் வரும்? சொத்தென்று ஏதோ வரும், கேட்கவே சப்பென்று இருக்கும். அதை அப்படியே பதிவு செய்து கொடுத்தால் டைரக்டர் முகத்தைச் சுளிப்பார். ஆகவே அவள் ஒரு முட்டைக்கோஸை ஈரத்துண்டில் சுற்றி மேசைமேல் ஓங்கி அறைவாள். கழுத்து முறிய வேண்டுமென்றால் கேரட். துப்பாக்கியை இழுத்துத் தயார்செய்ய ஒரு பழைய ஸ்டேப்ளரும் கதவுத் தாழ்ப்பாளும். பார்க்கிறவர்கள் "அடேயப்பா, என்ன தத்ரூபம்!" என்று வாயைப் பிளப்பார்கள். இவர்களில் எத்தனை பேர் கழுத்து முறிந்து பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை, பிழைப்பு போய்விடும்.

துப்பறியும் தொடரும் உளவாளித் தொடரும்தான் அவள் பிழைப்பு. படம்பிடிக்கும்போது நடிகர்கள் பேசுவது மட்டும்தான் ஒழுங்காகப் பதிவாகும். காலடி, கதவு, நாற்காலி, காகிதம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் பிறகு ஒருவர் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தம் செய்து சேர்க்க வேண்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்தத் தொடர்களில் வில்லனுக்கு முன்னால் வருகிற பூட்ஸ் சத்தமெல்லாம் இவள் கால்தான். ஆள் ஐந்தடி, நாற்பத்தேழு கிலோ, சர்க்கரை வியாதி வேறு. காதால் மட்டும் கேட்டால் ஆறடி ரவுடி. சத்தக்காரி என்ற பெயர் அக்கம்பக்கத்தார் வைத்தது. அதைக் கேட்டு அவள் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார், ஏனென்றால் அந்தத் தெருவிலேயே சத்தமில்லாத வீடு அவர்களுடையதுதான்.

நடைவழியின் கோடியில் அவள் வேலை அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருக்கும். கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் வீட்டில் யாரும் இருமக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது, எந்தக் காரணம் கொண்டும் கதவைத் தட்டக்கூடாது. கணவர் பஸ் டிரைவர். பகலெல்லாம் ஹாரனும் வசவுமாக இருந்துவிட்டு, வீட்டுக்குள் பூனை மாதிரி நடப்பார். மகள் சின்ன வயதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் முதலில் பல்பைத்தான் பார்ப்பாள். அது அணைந்த பிறகுதான் அழுவாள். "எங்க வீட்டு ஆளுங்களுக்கு இருக்கிற கட்டுப்பாடு பட்டாளத்துலகூட கிடையாது" என்று சத்தக்காரி பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள். இன்றைக்கு அதை நினைத்தால் தன் வாயிலேயே நாலு போடலாம்போல இருக்கிறது அவளுக்கு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முற்பகல். ஏதோ ஒரு தொடரில் ஆளில்லாத வீட்டுக்குள் ஒருவன் நுழைகிற காட்சி. ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃப்ரிட்ஜின் முனகல், எங்கோ ஒரு ஜன்னல், வெளியே போகிற வண்டி. அதையும் பதிவுசெய்து சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் டிவிதான் கெட்டுப்போச்சோ என்று ஜனங்கள் ரிமோட்டைத் தட்டுவார்கள். நடைவழியில் மைக்கை நிறுத்திவிட்டு அவள் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். ஓய்வுபெற்று ஆறு மாதமான கணவர் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வாங்களேன். வெறும் வீடு வேணும் எனக்கு."

"இந்த வெயில்ல எங்க போறது? நான் இல்லாத மாதிரியே இருக்கேன். நீ வேணா பாரு."

அவள் பல்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே பதிவு தானாக ஓடும். அந்த நேரத்தை வீணாக்குவானேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறொரு தொடருக்குச் செய்த காலடிகளைச் சத்தமாக வைத்துக் கேட்டாள். இருபத்திரண்டு நிமிடம் கழித்துப் பதிவை நிறுத்தினாள். தேதியைப் பெயராகப் போட்டு ஃபைலைச் சேமித்தாள். ஹெட்போனைக் கழற்றினாள், பல்பை அணைத்தாள், அப்புறம்தான் கதவைத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் சாய்ந்து கிடந்தார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். உடனே போயிருக்குமா என்று கேட்டதற்கு, "அதை எப்படிம்மா சொல்றது" என்றார். மகளுக்குப் போன் போட்டபோது சத்தக்காரியின் வாயில் வந்தது இதுதான்: "என் மடியிலதான்டி போனார். ஒரு நொடி. வலியே இல்ல." யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்த நேரத்தில் தன்னைத் தவிர வேறு எவளாவது ஒருத்தி அந்த வீட்டில் மனைவியாக இருந்திருக்கக்கூடாதா என்ற தவிப்பு. மகள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாரத்தைக் கடந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "அம்மா மடியிலதான் போனார், கொடுத்துவச்சவர்" என்று அவளே சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மகள் அந்தச் சோற்றைத்தான் இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இனி அதை எப்படித் தோண்டுவது?

ஃபைலை அவள் அழிக்கவில்லை. ஒருநாள் கேட்டாள். முதல் நிமிடம் முழுக்க ஒன்றுமில்லை, மனிதர் சொன்னபடி இல்லாத மாதிரியேதான் இருந்தார். இரண்டாவது நிமிடத்தில் படுக்கையறைக் கதவு மெல்லத் திறந்தது. பிறகு அவர் நடை. முப்பது வருடம் கிளட்சை மிதித்துத் தேய்ந்த இடது முழங்கால், அதனால் இடது செருப்பு இழுபடும். சர்ர், டப். சர்ர், டப். சுவரில் உள்ளங்கை உரசுவது. மூச்சு, அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. அவ்வளவுதான், அதற்குமேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டாரா, கூப்பிடவில்லையா? மீதி இருபது நிமிடத்தில் அந்தப் பதில் இருந்தது. கேட்காதவரை அவர் கூப்பிடவும் இல்லை, கூப்பிடாமலும் இல்லை. அந்த நடுவில் அவள் குடியிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் இந்த வருடம் ஒரு உளவாளித் தொடர் வந்தது. அதில் ஒரு காட்சி. உளவு பார்க்கிற பெண் யாரோ ஒருவர் வீட்டு நடைவழியில் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள், வீட்டுக்காரன் இருட்டில் வருகிறான். நாற்பது விநாடி, வசனம் கிடையாது, இசை கிடையாது. சத்தக்காரி ஏழு விதமாகச் செய்து அனுப்பினாள். ஏழையும் டைரக்டர் திருப்பி அனுப்பினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா யாரோ நடிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு ஒரு ஆள் நிஜமாவே மூச்சை அடக்கிக்கிட்டு நடக்கணும்."

அன்று மாலையே இரண்டாவது நிமிடத்திலிருந்து நாற்பது விநாடியை வெட்டி அனுப்பிவிட்டாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் சோம்பல் என்றும் சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். இரண்டும் உண்டுதான். ஆனால் அடியில் கிடந்தது வேறு. பக்கத்து அறையில் இருந்தவள் கேட்கவில்லை, ஊரில் உள்ளவர்களாவது கேட்கட்டும் என்று நினைத்தாள். டைரக்டர் ஐந்தே நிமிடத்தில் போன் செய்தார். "இதுதான், இதேதான்! யார் மேடம் நடந்தது?" "எங்க வீட்டு ஆள்தான்" என்றாள்.

தொடர் வெளியாகி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சத்தக்காரி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகன் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். துப்பறியும் தொடர் என்றால் உயிர், அதில் குறை கண்டுபிடிப்பதென்றால் அதைவிட உயிர். விஷம் குடித்தவன் நுரை தள்ளி விழுந்தால் உடனே நிறுத்திவிட்டு, "அத்தை, இந்த மருந்துக்கு மூணு மணி நேரம் ஆகும், இவன் மூணு செகண்ட்ல போய்ட்டான், அவ்வளவு அவசரம்" என்பார். அந்தக் குறை சொல்லும் வாய் அன்றைக்கு வேறு மாதிரி பேசியது.

"அத்தை, நாலாவது பாகத்துல ஒரு நடைவழி ஸீன் இருக்கே, அதுல மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியல. ஊரே அதைத்தான் பேசுது. கேளுங்க." போனை எடுத்து வாசித்தார். "'பார்த்துட்டு எல்லா லைட்டையும் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.' இன்னொருத்தர், 'இதுவரைக்கும் பார்த்த கொலையெல்லாம் பயமா இல்ல, இந்த ஆள் நடக்கிறது பயமா இருக்கு.' ஒரு அம்மா எழுதியிருக்காங்க, 'பயம் இல்ல, எனக்கு ஏனோ அழுகை வந்துடுச்சு'ன்னு."

"போதும் மாப்பிள்ளை. சாப்பாடு ஆறுது."

"இருங்க, இவ இன்னும் பார்க்கல." அவர் அந்த இடத்தைத் தேடிப் போட்டார். மகள் கையில் தட்டோடு வந்து நின்றாள். அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள், இந்தத் தொடர்களில் அவளுக்கு அக்கறையே கிடையாது. திரையில் அலமாரி, அதன் பின்னால் அந்தப் பெண்ணின் கண். சர்ர், டப். சத்தக்காரி சோற்றில் கையை வைத்தபடி தரையைப் பார்த்தாள். சர்ர், டப். மகள் தட்டை மேசைமேல் வைத்தாள். எந்தச் சத்தமும் வராமல் வைத்தாள், அந்த வீட்டில் வளர்ந்த பெண் அல்லவா.

"திரும்பப் போடுங்க" என்றாள்.

மறுபடி ஓடியது. மகள் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, இது அப்பா நடை."

சத்தக்காரிக்குப் பதில் தயாராக இருந்தது. அவள் தொழில்தான் அந்தப் பதில். "ஆமாடி. நான்தான் நடந்தேன். உங்கப்பாவை நினைச்சுக்கிட்டு அவர் மாதிரியே நடந்து பார்த்தேன், சரியா வந்துச்சு."

மகளின் முகம் இளகிப்போனது. "அப்பா மாதிரி உனக்கு நடக்க வருமாம்மா? என்கிட்ட சொல்லவே இல்லையே. எங்க, இப்போ நட."

"இப்பவா?"

"ப்ளீஸ்ம்மா. ஒரே ஒரு தடவை. நான் கண்ணை மூடிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? சத்தக்காரி கையைக் கழுவிவிட்டு வந்து மருமகனின் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சத்தக்காரி ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நடந்தாள். சர்ர், டப். சர்ர், டப். உடம்பின் கனத்தை வலது பக்கம் சாய்த்தாள், எண்பது கிலோ ஆண்பிள்ளையின் குதிகால் கனம் அந்த நாற்பத்தேழு கிலோவிலிருந்து எப்படியோ வந்தது. மருமகனுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. "மாமாதான்" என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். செத்துப்போனவர் அந்த மத்தியான வெளிச்சத்தில் சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

மகள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகத்தில் இளக்கம் இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நீ நடக்கிறது அப்பா மாதிரி இருக்கு. அதுல நடக்கிறது அப்பா."

"என்னடி பேசுற, ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. நீ அந்த இழுக்கிற காலைக் காட்டுற. அப்பா அதை மறைக்கத்தான் பார்ப்பார். சத்தம் வந்துடக்கூடாதேன்னு தூக்கி வைக்கப் பார்ப்பார், முடியாம உரசும். அதுல அப்படித்தான் இருக்கு." அவள் குரல் தழைந்தது. "எப்போ எடுத்ததும்மா அது?"

பாம்பின் கால் பாம்பறியும். எந்தச் சத்தம் செயற்கையாகச் செய்தது, எந்தச் சத்தம் தானாக வந்தது என்று பிரித்துச் சொல்ல இந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததே சத்தக்காரிதான். இனி எதைச் சொன்னாலும் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எடுத்தது."

"என்னிக்கு?"

"அவர் போன அன்னிக்கு."

மருமகன் டிவியை அணைத்தார். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உன் மடியில போனார்னு சொன்னியே."

"இல்ல."

"நீ எங்க இருந்தே?"

"உள்ள. ஹெட்போன் போட்டுக்கிட்டு. அவர் வெளிய, கதவுக்கிட்ட." சத்தக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். வெறும் வீடு கேட்டதை, பல்பைப் போட்டதை, ஃபைலைச் சேமித்துவிட்டுத்தான் கதவைத் தள்ளியதை. சொல்லச் சொல்ல மகள் திட்டுவாள், அடிப்பாள், வீட்டைவிட்டுப் போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். அது எதுவும் நடக்கவில்லை.

"மீதி இருக்கா?"

"இருக்கு. இரண்டு நிமிஷத்துக்கு மேல என்னால கேக்க முடியல."

"கிளம்பு" என்றாள் மகள். கூட வருகிறேன் என்ற கணவனை வேண்டாம் என்று கையமர்த்திவிட்டாள். பஸ்ஸில் பத்து நிறுத்தம். இரண்டு பேரும் ஒரே சீட்டில் தோளுக்குத் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை அறையில் இருக்கிறது ஒரே ஒரு நாற்காலி. மகள் அதில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தக்காரி ஃபைலைத் திறந்து கொடுத்துவிட்டுச் சுவர் மெத்தையில் சாய்ந்து நின்றாள். அவளுக்குத் திரையில் ஓடும் எண்களும் மகளின் முகமும்தான். ஒரு நிமிடம். இரண்டு. மகளின் கண் மூடியது, அந்த நடை வந்துவிட்டது. மூன்று. இனி வருவது சத்தக்காரி அறியாதது. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை, மகளின் காதுக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது. நான்காவது நிமிடத்தில் மகள் முன்னால் குனிந்தாள். ஐந்தாவதில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் தேடி அவள் கை போனது. ஏதோ மிக மெல்லிசாகக் கேட்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆறு, ஏழு. மகள் உதட்டைக் கடித்தாள். எட்டாவது நிமிடத்தில் ஹெட்போனைப் பிய்த்து எடுத்துவிட்டு எழுந்து மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"சத்தமா கூப்பிட்டா என்னப்பா! ஓங்கி ஒரு தட்டு தட்டினா என்ன! பாழாப்போன ரெக்கார்டிங் போனா போகுது, உங்க உயிரைவிடவா அது பெருசு!"

அந்த வீட்டில் யாரும் அதுவரை அப்படிக் கத்தியதில்லை. மெத்தை அடித்த சுவர் அந்தக் குரலை அப்படியே விழுங்கிக்கொண்டது. கோபம் தன்மேல் வரும் என்று காத்திருந்த சத்தக்காரிக்கு, அது செத்தவர்மேல் போனது இன்னும் பொறுக்கவில்லை.

"அவரைத் திட்டாதடி. கூப்பிட்டாரா? அதை மட்டும் சொல்லு."

"நீயே கேளு."

"என்னால முடியாதுடி."

"முடியணும்மா. அவர் உன்கிட்டதான் கேக்கிறார், என்கிட்ட இல்ல."

மகள் அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். நரைமுடியை ஒதுக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டாள், தலை வாரிவிடுகிற மாதிரி மெதுவாகத்தான் செய்தாள். பிறகு மூன்றாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள்.

நடை வந்தது. கதவுவரை வந்து நின்றது. கதவின் மரத்தில் விரல்நுனிகள் படுகிற சத்தம் கேட்டது. தட்டவில்லை, வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு மைக்குக்கு அருகில், மிக அருகில். சட்டைத்துணி கதவில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. உட்கார்ந்துவிட்டார். உட்கார்வதைக்கூட அந்த மனிதர் அவ்வளவு பதமாகச் செய்தார். பிறகு ஃப்ரிட்ஜின் முனகல், தெருவில் ஒரு வண்டி, மூச்சு. ஒரு நிமிடம் அப்படியே போனது, இன்னொரு நிமிடமும். மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டது. அவர் காத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. வலியோடு, ஒழுங்காக, அவள் வேலை முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டையே இல்லாத குரலில், காற்றாக மட்டும் வந்தது.

"முடிஞ்சுதா?"

பதில் இல்லை. எப்படி இருக்கும்? கதவுக்கு இந்தப் பக்கம் அவள் யாரோ ஒரு வில்லனின் காலடிகளைக் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒரு நீண்ட மூச்சு. மறுபடி, முன்னைவிடச் சின்னதாக, அவளைத் தொந்தரவு செய்கிறோமே என்ற கூச்சத்தோடு அதே குரல்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுங்க!" என்றாள் சத்தக்காரி. ஹெட்போன் மாட்டியவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரியாது. வீடே அதிர்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "முடிஞ்சுது, எல்லாம் முடிஞ்சுது! கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க!"

மகள் திடுக்கிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.